கடன் வாங்கிப் போன குஸ்தி

இச்சல்கரஞ்சியில் இரண்டு வருஷம் தறிச் சாமான் விற்றிருக்கிறேன். கொமாரபாளையத்தில் பிறந்தவனுக்கு அந்த ஊர் அந்நியமாகவே தெரியாது. அதே தறிச் சத்தம், அதே பஞ்சுத் தூசி, 'அடுத்த வாரம் பாக்கலாம்' என்று இழுக்கிற அதே பாக்கி. பாஷையும் குழம்பும்தான் வேறு. குழம்பு என்றால் இரண்டு வைப்பார்கள், சிவப்பு ரஸ்ஸா ஒன்று, வெள்ளை ரஸ்ஸா ஒன்று. சிவப்பைக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்தாத தமிழனை நான் இன்னும் பார்க்கவில்லை.

என்னிடம் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒருவரை 'பாவூ' என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் 'அண்ணா'. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் தெற்கேயிருந்து வந்தவன் எவனும் அவர்களுக்கு அண்ணாதான். பாவூவுக்குக் காது இரண்டும் மடங்கி, காய்ந்த அத்திப்பழம் மாதிரி சுருண்டிருக்கும். ஏதோ தீக்காயம் போல என்று ரொம்ப நாள் கேட்காமலே இருந்தேன். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டதும் சிரித்துவிட்டார். "குஸ்தி, அண்ணா. பன்னிரண்டு வருஷம் மண்ணில் தேய்ச்ச காது." அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே வண்டியில் உட்காரவைத்து, கோலாப்பூரில் அவர் பழகிய தாலீமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தாலீம் என்றால் குஸ்திக் கூடம். நம் ஊரில் முச்சந்திக்கு ஒரு பிள்ளையார் மாதிரி கோலாப்பூரில் பேட்டைக்கு ஒரு தாலீம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. ஒரே ஒரு பல்பு. நடுவில் பள்ளமாகச் செம்மண் களம். லங்கோட்டோடு நாலைந்து பையன்கள் மண்வெட்டியால் அதைக் கொத்திப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மோர், எண்ணெய், மஞ்சள், எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்த்துச் சேர்த்து ஊறிப்போன மண். ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. சுவரோரமாக வரிசையாக நின்று தண்டால், பஸ்கி. உள்ளே எங்கேயோ பாதாம் அரைக்கிற அம்மிச் சத்தம்.

நம் பத்திரிகைகள் தேர்தல் வந்தால் வேட்பாளரைக் கோதாவில் இறக்கும். எதிராளியை மண்ணைக் கவ்வவைக்கும். போலீஸ் கிடுக்கிப்பிடி போடும். நாற்பது வருஷமாக இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவனுக்குக் கோதா எப்படி வாசம் அடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுவரில் மூன்று படம். ஒன்று ஆஞ்சநேயர். அவர் இல்லாமல் தாலீம் கிடையாது. இரண்டாவது தலைப்பாகையோடு ஷாஹு மகாராஜா. கோலாப்பூரில் குஸ்திக்காகவே காஸ்பாக் மைதானத்தைக் கட்டி 1912இல் திறந்தவர். மூன்றாவது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் இருந்தவரை நான் பயில்வான் என்று சொல்லமாட்டேன். குள்ளமாக, மெலிந்த உடம்போடு, ரேஷன் கடை வரிசையில் நம் முன்னால் நிற்கிற ஆள் மாதிரி இருந்தார். "இந்த ஒல்லி ஆள் யாரு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

பாவூ பல்லைக் கடித்தார். வஸ்தாத், அதாவது அந்தக் கூடத்து வாத்தியார், நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எழுபது வயதிருக்கும்.

"காஷாபா. நாட்டுக்கு மெடல் கொண்டுவந்தவர். எந்த ஊர் நீங்க?"

"தமிழ்நாடு."

"ஹா. உங்க மதராஸ்லதான் அவரைத் தோற்கடிச்சாங்க."

என்னமோ நானே போய்த் தோற்கடித்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்குப் பிடித்த பித்து இது. அப்புறம் படித்தது, பாவூ சொன்னது, பாவூவின் ஆட்கள் சொன்னது எல்லாம் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

காஷாபா தாதாசாகேப் ஜாதவ் பிறந்தது 15 ஜனவரி 1926. சாத்தாரா மாவட்டத்தில், கிருஷ்ணாவும் கோய்னாவும் கூடுகிற கராட் ஊருக்குப் பக்கத்தில் கோலேஷ்வர் என்ற கிராமம். ஐந்து ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா தாதாசாகேப் பயில்வான். ஐந்து வயதிலேயே பையனை மண்ணில் இறக்கிவிட்டார். எட்டு வயதில் அந்த வட்டாரத்துச் சாம்பியனை இரண்டே நிமிடத்தில் மல்லாத்தினான் என்று ஊரில் சொல்வார்கள். எந்த ஊர்தான் தன் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்லாமல் இருக்கும்? ஆனால் இந்தக் கிராமம் சொல்வதை நான் நம்பத் தயார். பள்ளிப்படிப்பு கராடில். 1942 போராட்டக் காலத்தில் தலைமறைவாக இருந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததும், துண்டறிக்கை சுமந்ததும் உண்டு. பிறகு கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி.

அந்தப் பக்கத்துக் குஸ்தியை ஜத்ராவில் பார்க்க வேண்டும். ஜத்ரா என்றால் நம் ஊர்த் திருவிழா. மத்தியானம் பொடிப் பையன்களை இறக்குவார்கள். ஜெயிக்கிற பொடியனுக்கு ஒரு தேங்காய். வெயில் இறங்க இறங்க ஆளும் பெருப்பான், பரிசும் பெருக்கும். கடைசி ஜோடிக்கு இன்றைக்கு லட்சத்தில் பேசுகிறார்கள். நல்ல பிடி ஒன்று விழுந்துவிட்டால் கூட்டத்திலிருந்து எழுந்துவந்து ரூபாய் நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். இதைக் கடைசியில் சொல்லப்போகும் விஷயத்துக்காகத்தான் சொல்கிறேன்.

மண் குஸ்தியில் புள்ளி கிடையாது. எதிராளியின் முதுகு மண்ணில் படிய வேண்டும், அவ்வளவுதான். அதுவரை ஆட்டம் ஓடும். அரைமணி ஒருவனை ஒருவன் பிடித்துக்கொண்டே நிற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கால் மண்ணில் புதையும் என்பதால் உடம்பு மெதுவாகத்தான் நகரும். பொறுமைக்காரன் ஜெயிப்பான். ஒலிம்பிக்ஸில் நடக்கிற ஃப்ரீஸ்டைல் அப்படியில்லை. காலைப் பிடிக்கலாம், காலால் தட்டலாம், அந்த மட்டில் நம் குஸ்திக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். ஆனால் தரை மெத்தை. எதிராளி வேகமாக வழுக்கிக்கொண்டு வருவான். மணி ஓடிக்கொண்டிருக்கும், சுற்றி நடுவர்கள் குறித்துக்கொண்டே இருப்பார்கள். மண்ணில் வளர்ந்தவனை மெத்தையில் ஏற்றுவது ஏரியில் நீந்தியவனைக் கடலில் தள்ளுகிற மாதிரி.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு காஷாபா போனபோது மெத்தை என்பதே அவருக்குப் புதுசு. வயது 22. வழிச்செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றுக்கொண்டார். அங்கே ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு ஃப்ளைவெயிட் என்கிற 52 கிலோ பிரிவில் ஆறாவது இடம். முதல் தடவை போகிறவனுக்கு இது சாதாரணமில்லை. ஆனால் ஆறாம் இடத்துக்கு யார் மாலை போடுவார்கள்? ஊர் திரும்பி மறுபடி தண்டால், பஸ்கி. அவருக்குக் கைவந்த பிடி 'டாக்'. எதிராளியின் தலையைக் கையிடுக்கில் பூட்டி, அந்தப் பூட்டை விடாமலே ஆளைச் சுழற்றித் தரையில் அடிப்பது. பாவூ ஒரு தலையணையை வைத்து எனக்குச் செய்துகாட்டினார். தலையணை கிழிந்துவிட்டது.

அடுத்து 1952, ஹெல்சிங்கி. இப்போது மதராஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் தேசியப் போட்டி சென்னையில் நடந்தது. அதில் கல்கத்தாவின் நிரஞ்சன் தாஸுக்குச் சாதகமாகத் தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துப் போட்டார்கள் என்பது காஷாபாவின் குற்றச்சாட்டு. அன்றைக்கு நடுவர் நாற்காலியில் நாம் உட்காரவில்லை, தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக இருந்த பாட்டியாலா மகாராஜா யாதவிந்திர சிங்கிடம் நேரே முறையிட்டார். மகாராஜாவுக்கே குஸ்தியில் பிரியம். சரி, மறுபடி ஒரு தடவை மோதிப் பாருங்கள் என்றார். மோதினார்கள். தாஸ் மல்லாந்தார். டிக்கெட் காஷாபாவுக்கு.

டிக்கெட் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். தேர்வானாலும் போகிற செலவு வீரன் தலையில்தான். இந்தத் தடவை மகாராஜா இல்லை. சமஸ்தானமே பம்பாய் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. கிராமத்தில் வீடு வீடாகத் துண்டு ஏந்தினார்கள். கொடுத்தவர்கள் எல்லாம் கரும்பும் சோளமும் போடுகிற சம்சாரிகள், சில்லறைக் கடைக்காரர்கள். மாகாண முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் நாலாயிரம் ரூபாய் கேட்டார்கள். போட்டி முடிந்ததும் வந்து பாருங்கள் என்று பதில் வந்ததாகச் சொல்கிறார்கள். போட்டி முடிந்த பிறகு எதற்கு ஐயா போகிற செலவு?

கடைசியில் ஒருத்தர் வந்தார். ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டிகர். தான் குடியிருந்த வீட்டை அடமானம் வைத்து ஏழாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். இதைப் படித்தபோது என் கல்லூரி முதல்வர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஹால் டிக்கெட்டில் கையெழுத்து வாங்கவே அவரிடம் மூன்று நாள் நின்றிருக்கிறேன்.

ஹெல்சிங்கியில் பிரிவு மாறியது. பேன்டம்வெயிட், 57 கிலோ. கனடாக்காரரையும் மெக்சிகோக்காரரையும் ஜெர்மன்காரரையும் காஷாபா வரிசையாகச் சாய்த்தார். அப்போது கணக்கே வேறு மாதிரி: புள்ளி என்றால் அபராதம், ஐந்து ஏறிவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஐந்து ஏறாமல் தாக்குப்பிடித்துக் கடைசிச் சுற்றுக்கு வந்தார். எதிரே ஜப்பானின் ஷோஹாச்சி இஷீ. ஜூடோவில் வளர்ந்தவர். போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் ஜப்பானில் ஜூடோவை அடக்கிவைத்திருந்தார்கள், அதனால் மல்யுத்தத்துக்கு மாறியவர். பதினைந்து நிமிடம் ஆட்டம். முடிவு இஷீக்குப் போனது.

இந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குத் தாலீமில், 'ஒல்லி ஆள்' என்று கேட்ட குற்றத்துக்குத் தண்டனையாகவோ என்னவோ, வஸ்தாத் என்னையும் மண்ணில் இறங்கச் சொன்னார். எதிரே பதினாலு வயதுப் பையன், மீசைகூட முளைக்கவில்லை. கை கொடுத்தான், மண்ணை எடுத்து என் தோளில் பூசினான், பிடித்தான். அவன் என்னைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை, என் கழுத்தில் ஒரு கையை வைத்துச் சாய்ந்துகொண்டிருந்தான், அவ்வளவே. ஆனால் நாலைந்து மூச்சுக்குள் தொடை நடுங்கி, கண் முன்னால் பூச்சி பறக்க ஆரம்பித்துவிட்டது. நாற்பது நொடியில் நானே உட்கார்ந்துவிட்டேன். பஸ் பிடிக்க ஓடினால் கால்தான் வலிக்கும். இதில் விரல் நுனிவரை எல்லாமே ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. இப்போதெல்லாம் ஒலிம்பிக் மெத்தையில் மூன்று மூன்று நிமிடமாக ஆறே நிமிடம். அப்போது பதினைந்து.

அந்தப் பதினைந்து முடிந்து, வியர்வை ஆறுவதற்குள் காஷாபாவை மறுபடி மெத்தைக்குக் கூப்பிட்டார்கள். சோவியத்தின் ரஷீத் மமத்பெயோவ் காத்திருக்கிறார். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே அரைமணி ஓய்வு தரவேண்டும் என்பது விதி. விதிப் புத்தகம் இருந்தது, அதைக் காட்டி வாதாட இந்தியத் தரப்பில் ஓர் அதிகாரிகூட அந்த இடத்தில் இல்லை. கோலேஷ்வர் பையன் எந்த பாஷையில், யாரிடம் போய்ச் சொல்வான்? ஏறினார். தோற்றார். இஷீக்குத் தங்கம், மமத்பெயோவுக்கு வெள்ளி, காஷாபாவுக்கு வெண்கலம்.

அரைமணி கிடைத்திருந்தால் தங்கமே வந்திருக்கும் என்று கோலாப்பூரில் பேசுவோர் உண்டு. எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. மமத்பெயோவ் ஒன்றும் சோப்ளாங்கி கிடையாது, இஷீயும் இல்லை. ஆனால் முப்பது நிமிடம் கேட்டுவாங்க ஒரு வாய் இல்லாமல் போனதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. தங்கமோ வெள்ளியோ, தோற்பதென்றாலும் மூச்சு வாங்கிவிட்டுத் தோற்கிற உரிமை அவருக்கு இருந்தது. அதே ஹெல்சிங்கியில் 62 கிலோ பிரிவில் இறங்கிய மங்காவேவும் அந்தப் பக்கத்து ஆள்தான். நாலாவது வந்தார், அவரைப் பற்றிப் பேசுவாரும் இல்லை.

சுதந்திர இந்தியாவுக்குத் தனியாளாக ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் இது. 1900இல் நார்மன் பிரிட்சார்ட் இரண்டு வெள்ளி வாங்கினாரே என்று வினாடி வினாப் பிரியர்கள் கமெண்ட் போடும் முன் சொல்லிவிடுகிறேன்: அவர் கல்கத்தாவில் பிறந்த வெள்ளைக்காரர், அவர் யார் கணக்கு என்ற பஞ்சாயத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை. காஷாபாவுக்கு அடுத்து தனிநபர் பதக்கம் வர 44 வருஷம் ஆனது, 1996 அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ். குஸ்தியில் அடுத்தது 2008 பெய்ஜிங்கில் சுஷீல் குமார். 56 வருஷம்!

1952இல் நாடு கொண்டாடியது ஹாக்கியைத்தான். தப்பில்லை. இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 6-1 என்று அடித்தார்கள், பல்பீர் சிங் மட்டுமே ஐந்து கோல். அந்தச் சத்தத்தில் வெண்கலம் காதில் விழவில்லை. கோலேஷ்வருக்கு மட்டும் விழுந்தது. கராட் ஸ்டேஷனில் இறங்கியவரை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் கட்டி அழைத்துப் போனார்கள். சாதாரணமாகக் கால்மணியில் போகிற தூரம், ஊர் மகாதேவர் கோயிலை எட்ட ஏழு மணி நேரம் பிடித்ததாம். துண்டில் விழுந்த ஒவ்வொரு காலணாவும் அந்த வண்டிகளில் ஏறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிந்தைய வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம், அதில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. 1955இல் போலீஸ் வேலை, சப்-இன்ஸ்பெக்டர். 1956 மெல்போர்னுக்கு முன் முழங்கால் போனது, ஒலிம்பிக்ஸும் போனது. பதவி உயர்வு வராமல் வருஷக்கணக்கில் அதே நட்சத்திரங்கள் தோளில். ஓய்வுபெறும்போது உதவி கமிஷனர். பென்ஷனுக்கும் அலைந்திருக்கிறார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தீபம் ஏந்தி ஓடவைத்தார்கள். 1984 ஆகஸ்ட் 14, சாலை விபத்து. 58 வயது. அர்ஜுனா விருது வந்தது 2000இல், வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத போது. டெல்லி இந்திரா காந்தி மைதானத்தில் மல்யுத்த அரங்குக்கு 2010இல் அவர் பெயர். 2023இல் பிறந்தநாளன்று கூகுள் முகப்பில் படம். பத்ம விருது பட்டியலில் பெயர் இல்லை. கோலேஷ்வரில் குஸ்திப் பயிற்சிக்கூடம் கட்டித்தருகிறோம் என்று அரசாங்கம் சொல்லி வருஷங்கள் ஓடியதும், பதக்கத்தையே ஏலம் விட்டுக் கட்டிக்கொள்கிறோம் என்று 2017இல் மகன் அறிவித்தார்.

காஷாபாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தப் பத்தியில்தான் போய் விழுகிறார்கள். 'மறக்கப்பட்ட வீரர்', ஒரு பெருமூச்சு, முடிந்தது. அவரை ஏதோ நிவாரண வரிசையில் நிறுத்திவைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு அவர் அப்படிப் படவில்லை. இதைத் திரும்பும் வழியில் பாவூவிடம் சொன்னேன். வண்டியை ஒரு டீக்கடையில் ஓரங்கட்டினார்.

"அண்ணா, கர்டிகர் வீடு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வெண்கலத்தோடு கதை முடிந்தது என்று நானும் விட்டிருந்தேன். பதக்கத்துக்குப் பரிசுப்பணம் கொட்டுகிற காலம் இல்லை அது. ஏழாயிரத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

காஷாபா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனார். ஹெல்சிங்கி மெத்தையில் நின்றுவந்த அதே கால்களோடு கோலாப்பூரில் மறுபடி செம்மண்ணில் இறங்கினார். குஸ்திப் போட்டி ஏற்பாடு செய்து, டிக்கெட் போட்டு, தானும் மோதினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிவந்த ஆளைப் பார்க்கக் கூட்டம் வந்தது. ஒன்றிரண்டல்ல, வரிசையாக மோதினார், ஜெயித்தார். சேர்ந்த பணத்தைக் கொண்டுபோய் முதல்வர் கையில் கொடுத்து வீட்டை மீட்டுக்கொடுத்தார்.

பாவூ டீ கிளாஸைக் கீழே வைத்தார். காசை நான் எடுக்கப்போனேன், விடவில்லை. போன மாதத்து பாக்கியைப் பற்றி அன்றைக்கு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஆள்விட்டு முழுசாக அனுப்பியிருந்தார்.